மீட்டரில் ஏழு

பிப்ரவரி 3, செவ்வாய்

மாஸ்டருக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாத்தான் இருப்பீங்க, இல்லேன்னா பாப்பா ஹாஸ்டல்லேருந்து எனக்குப் போன் பண்ணி அழுதிருப்பா.

கவர் கனமா இருக்கேன்னு பயப்படாதீங்க. உள்ளே இருக்கிறது அந்தப் பேப்பர் இல்லை. விவாகரத்துப் பேப்பர் என் பீரோவுல துணிக்கு அடியில ரெண்டு வருஷமா தூங்குது, தூங்கட்டும். இது வண்டிப் பேப்பர்.

நான் கார் வாங்கறேன். ஆமா, நான்தான். சிரிச்சு முடிச்சதும் மேலே படிங்க.

ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேருந்து ஆஸ்பத்திரியில எனக்கு வேற வேலை குடுத்திருக்காங்க. வீடு வீடாப் போய் பிசியோதெரபி குடுக்கணும். மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறினா, கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் கேக்கறார். சொந்த வண்டி இருந்தாத்தான் இந்த வேலை, இல்லேன்னா பழையபடி அந்த ஜன்னல் இல்லாத அறைதான்.

ஷோரூம் பக்கம் போக எனக்குப் பொறுமை இல்லை. போன தடவை உங்களோட வந்தப்ப, அந்தப் பையன் விலையிலேருந்து டயர் வரைக்கும் எல்லாத்தையும் உங்களைப் பார்த்தே சொன்னான். என்னைப் பார்த்து "மேடம், ஜூஸ் சாப்பிடறீங்களா"ன்னு மட்டும் கேட்டான். அதனால ஆன்லைன்ல வாங்கறேன். போன்லயே வண்டியை விரலால சுத்திச் சுத்திப் பார்க்கலாம். பழைய வண்டியையும் அவங்களே எடுத்துக்கறாங்க.

விஷயம் அங்கேதான் இருக்கு. பழைய வண்டி என் பேர்ல இருக்கு. நிக்கறது உங்க வாசல்ல. 'வண்டியைத் தற்போது வைத்திருப்பவர்' சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணுமாம், அதுவும் பேனாவால போட்ட அசல் கையெழுத்து. எல்லாத்தையும் விரல் நுனியில முடிக்கறவங்க இதுக்கு மட்டும் தபால்ல வரணும்கறாங்க. உங்களுக்கு டிரைவிங் ஸ்கூல் கார் இருக்கு. பழசு சும்மாதானே உறை போட்டு நிக்குது?

போன் பண்ணியிருக்கலாம். ஆனா நாம போன்ல பேசினா மூணாவது நிமிஷம் ரெண்டு பேருமே கத்தறோம். எழுதினா கத்த முடியாது, கை வலிக்கும்.

பென்சிலால பெருக்கல் குறி போட்டிருக்கற இடத்துல மட்டும் கையெழுத்து. வேற எங்கேயும் வேண்டாம்.

இப்படிக்கு,
வண்டியின் சொந்தக்காரி

*

பிப்ரவரி 7, சனி

டாக்டரம்மாவுக்கு,

நலம். வலது முட்டி கொஞ்சம் பிடிக்குது. உன்கிட்ட காட்டற அளவுக்கு இல்லை.

கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன். ஆனா கேக்காம இருக்க முடியல. கார் வாங்கறே, சரி. யார் ஓட்டப் போறாங்க? டிரைவர் வெச்சிருக்கியா?

ஆன்லைன்ல வாங்கறதுக்கு அது என்ன பிளாஸ்டிக் வாளியா? இருபத்தெட்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். கதவை ஒரு தடவை சாத்திப் பார்க்காம, சீட்டுல உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிப் பார்க்காம கார் வாங்கின ஆளை நான் பார்த்ததே இல்லை. படத்துல எல்லா வண்டியும் அழகாத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி உன் வீட்டுக்கு அனுப்பின போட்டோவுல நான் கூடத்தான் அழகா இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லு, நான் வர்றேன். ரெண்டு ஷோரூம் ஏறி இறங்குவோம். உன்கிட்ட ஜூஸ் கேக்கறவனை நான் பார்த்துக்கறேன்.

அது ஆகாதுன்னா, ஆட்டோமேட்டிக் வண்டியா வாங்கு. உனக்குக் கிளட்ச் ஒத்து வராது.

இப்படிக்கு,
வண்டியைத் தற்போது வைத்திருப்பவர்

*

பிப்ரவரி 12, வியாழன்

மாஸ்டருக்கு,

பேப்பர் திரும்பி வந்துடுச்சு.

கையெழுத்து மட்டும்னு எழுதினேனா இல்லையா? கையெழுத்துக்குப் பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் ரப்பர் ஸ்டாம்ப், வட்டமா, ஊதா மையில, பளிச்சுன்னு! இந்த மனுஷன் பாப்பாவோட ரேங்க் கார்டுலயே ஸ்டாம்ப் வெச்சவர், அவ அஞ்சாம் வகுப்புல டீச்சர்கிட்ட திட்டு வாங்கினவ, இது எனக்குத் தோணியிருக்கணும். இப்ப அந்தக் கம்பெனிக்காரங்க, "வண்டி ஒரு நிறுவனத்தின் வசம் உள்ளதா? நிறுவனப் பதிவுச் சான்றை இணைக்கவும்"னு கேக்கறாங்க. ஒரு வாரம் போச்சு.

புதுப் பேப்பர் வெச்சிருக்கேன். தயவு செய்து ஸ்டாம்பை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, அப்புறம் பேனாவைத் திறங்க.

யார் ஓட்டப் போறாங்கன்னு கேட்டீங்க. நான்தான். போன ஆகஸ்ட்லயே லைசென்ஸ் வாங்கியாச்சு. முதல் டெஸ்டுலயே பாஸ். கியர் வண்டியில. வாங்கப் போறதும் கியர் வண்டிதான். கிளட்ச் எனக்கு நல்லாவே ஒத்து வருது.

இங்கே ஒரு அம்மா ஸ்கூல் நடத்தறாங்க, அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். அவங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்க தெரியுமா? உங்ககிட்ட. பதினஞ்சு வருஷம் முன்னாடி. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. "எங்க மாஸ்டர் மாதிரி பொறுமைசாலியைப் பார்க்க முடியாதும்மா, ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தினதில்லை"ன்னாங்க. நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வண்டியை நானே பார்த்து, நானே வாங்கிக்கறேன். முட்டிக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் குடுங்க. உட்கார்ந்தபடியே காலை நேரா நீட்டி, பத்து எண்ணி, மெதுவா இறக்குங்க. தினம் ரெண்டு வேளை.

இப்படிக்கு,
சொந்தக்காரி

*

பிப்ரவரி 16, திங்கள்

டாக்டரம்மாவுக்கு,

ஸ்டாம்ப் தப்புதான். கை தானாப் போயிடுச்சு. இந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்லை, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துக்கோ.

லைசென்ஸ் விஷயம் பாப்பாவுக்குத் தெரியும் போல. எனக்கு மட்டும்தான் தெரியல. பரவாயில்லை. முதல் டெஸ்டுலயே பாஸ்ங்கறது சின்ன விஷயம் இல்லை. என் பசங்கள்ல பத்துல நாலு பேர் ரெண்டாவது தடவைதான் தேறுவாங்க. நல்லது.

வண்டியைக் குடுக்கணுமேன்னு டிக்கியைக் காலி பண்ணினேன். ஒரு குடை, பாப்பாவோட ஒத்தைச் செருப்பு, உன் முதுகுக்கு வெச்சுக்கற குட்டித் தலையணை. அப்புறம் ஸ்டெப்னிக்கு அடியில ஒரு எல் போர்டு. சிவப்புத் துணியை வெட்டி நீயே அட்டையில ஒட்டினது. ஸ்கூல்ல நூறு எல் போர்டு கிடக்கும்போது நீ உட்கார்ந்து புதுசா ஒண்ணு பண்ணினே. ஒரு நாள்தான் கட்டினோம் அதை.

தூக்கிப் போடல. உள்ளே எடுத்து வெச்சிருக்கேன்.

முட்டிப் பயிற்சி பண்றேன். ஆறு எண்ணறதுக்குள்ள நடுங்குது.

இப்படிக்கு,
வைத்திருப்பவர்

*

பிப்ரவரி 27, வெள்ளி

மாஸ்டருக்கு,

பேப்பர் ஏத்துக்கிட்டாங்க. வண்டியும் புக் பண்ணியாச்சு!

ரெண்டு நாள் சாயங்காலம் போனும் கையுமா உட்கார்ந்து கலர் மாத்தி மாத்திப் பார்த்தேன். கடைசியில கரும்பச்சை. நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும், "வெள்ளையா வாங்கு, சூடு ஏறாது, விக்கும்போது விலை போகும்." விக்கறதுக்கா வாங்கறேன்? பாப்பா சிவப்புன்னா. அவ சொன்னதையும் கேக்கல.

அந்த ஆப்புல உதவிக்குன்னு ஒண்ணு வந்து பேசுது. மெஷின்தான். "டிக்கியில ஆறடி மடக்குக் கட்டில் நுழையுமா"ன்னு கேட்டேன். "உங்கள் கனவுப் பயணத்தில் இணைவதில் மகிழ்ச்சி"ன்னு பதில் வந்தது. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் அதுக்கு மகிழ்ச்சி. அப்புறம் நானே பின் சீட்டை மடக்கினா எவ்வளவு நீளம்னு தேடிக் கண்டுபிடிச்சேன். நுழையும், ஒரு சாண் மிச்சம்.

மார்ச் பத்தாம் தேதி காலையில பழைய வண்டியை எடுத்துக்க உங்க வாசலுக்கு லாரி வரும். உறையைக் கழட்டி, சாவி, ஆர்சி எல்லாம் எடுத்து வெச்சுக்குங்க. அன்னிக்கே எனக்குப் புது வண்டி வருது. ஒரு மணி நேரம் லீவு சொல்லிட்டேன். வாசல்ல நின்னு வாங்கணும்னு ஆசையா இருக்கு. நாப்பத்தெட்டு வயசுல எனக்கு இது தேவையான்னு நீங்க கேக்கலாம். தேவைதான்.

ஆறு வரைக்கும் எண்ண முடிஞ்சா இந்த வாரம் எட்டு.

இப்படிக்கு,
சொந்தக்காரி (ரெண்டு வண்டிக்கும்)

*

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு,

பதறாதே. வண்டி பத்திரமா இருக்கு. என் வாசல்ல இருக்கு.

காலையில பத்தரைக்கு லாரி வந்தது. பழைய வண்டியை எடுக்கத்தான் வந்திருக்காங்கன்னு உறையை மடிச்சுக்கிட்டு நின்னேன். பார்த்தா மேலேருந்து ஒரு கரும்பச்சை வண்டியை இறக்கறாங்க. "இது இங்கே இல்லைப்பா"ன்னேன். அவன் போனை நீட்டினான். உன் பேரு, என் விலாசம். பழசை எடுக்கற இடம், புதுசை இறக்கற இடம், ரெண்டும் ஒண்ணேன்னு போட்டிருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொன்னா, மறுபடி புக் பண்ணணும், மூணு வாரம் ஆகும்கறான். ஒண்ணாம் தேதி உனக்கு வேலைன்னு நினைவு வந்தது. சரி இறக்குன்னு சொல்லிட்டேன்.

வாங்கினவன் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். கீறல் இல்லை. நாலு டயரும் புதுசு. ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கு. மீட்டர்ல ஏழு கிலோமீட்டர். எல்லாத்தையும் எழுதி வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன். பழசை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஸ்டாம்ப் வைக்கல.

உனக்குப் போன் பண்ண எடுத்தேன். எடுத்தா 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னுதான் ஆரம்பிப்பேன்னு எனக்கே தெரிஞ்சது. கீழே வெச்சுட்டேன். இதைக் கூரியர்ல போடறேன், நாளைக்குக் கிடைச்சுடும்.

நீ சொன்னா ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக்கிட்டு வந்து உன் வாசல்ல விட்டுட்டு பஸ்ல திரும்பிடறேன். ரெண்டரை மணி நேரம்தானே?

பச்சை நல்லாத்தான் இருக்கு.

இப்படிக்கு,
வண்டியைத் தற்போது வைத்திருப்பவர் (மறுபடியும்)

*

மார்ச் 11, புதன்

மாஸ்டருக்கு,

என் தலையெழுத்து. நேத்து பதினொண்ணு வரைக்கும் வாசல்ல நின்னேன். மாடி வீட்டு அம்மா ரெண்டு தடவை எட்டிப் பார்த்து "வந்துடுச்சா"ன்னு கேட்டாங்க. போன்ல பார்த்தா 'ஒப்படைக்கப்பட்டது'ன்னு வருது. எங்கே ஒப்படைச்சீங்கன்னு அந்த மெஷினைக் கேட்டா, "உங்கள் புதிய வண்டிக்கு வாழ்த்துகள்!" கூரியர் வந்த அப்புறம்தான் புக் பண்ணின பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'இதே விலாசம்'னு ஒரு குட்டிக் கட்டம், அதுல டிக் அவங்களே போட்டு வெச்சிருக்காங்க. நான் எடுத்து விடல. என் தப்புதான், மெஷினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

நீங்க ஓட்டிக்கிட்டு வர வேண்டாம்.

நான் இந்த ஞாயிறு வர முடியாது. இடுப்பு ஆபரேஷன் ஆன கணக்கு வாத்தியார் ஒருத்தர், நான் இல்லேன்னா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறார். 22ஆம் தேதி ஞாயிறு, காலை பஸ்ல வந்து எடுத்துக்கறேன். அது வரைக்கும் வண்டி அங்கேயே நிக்கட்டும். நீங்க ஓட்டக் கூடாது. தெரு முனை வரைக்கும் கூட. என்ஜினைச் சூடு பண்றேன், சத்தம் கேட்டுப் பார்க்கறேன், எதுவும் வேண்டாம். அதை முதல்ல ஓட்டறது நானா இருக்கணும்.

இது என்ன சின்னப் பிள்ளை அடம்னு நினைப்பீங்க. எழுதியே ஆகணும் போல இருக்கு, எழுதிடறேன்.

எல் போர்டு கட்டின அந்த ஒரு நாள். பதினோரு வருஷம் ஆச்சு. பெரிய சிக்னல்ல எனக்கு மூணு தடவை ஆஃப் ஆச்சு. பஸ் ஸ்டாப்புல உங்க ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் நின்னாங்க. அவங்களைப் பார்த்ததும் உங்க முகம் மாறினது. "இறங்கு"ன்னு கத்தினீங்க. நான் இறங்கினேன், பின் சீட்டுல ஏறலாம்னுதான் இறங்கினேன். நீங்க இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்து, கிளப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. என் பை வண்டிக்குள்ள. பர்ஸ், போன் எல்லாம் அதுக்குள்ள. பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாம நாலு ஸ்டாப் தூரம் நடந்தேன். வீட்டுக்கு வந்தா என் பை மேஜை மேல இருக்கு. நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை கேக்கல.

அதுக்காகவா பிரிஞ்சோம்னா, இல்லை. அதுக்கப்புறம் எத்தனையோ. ஆனா என் பேர்ல இருந்த வண்டியில பதினாலு வருஷம் நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வந்தேன். இந்த வண்டியிலயாவது முதல் கிலோமீட்டர் என்னுதா இருக்கட்டும். வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 15, ஞாயிறு

உனக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ரெண்டு தடவை பதில் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இது மூணாவது.

நீ பின் சீட்டுல ஏறத்தான் இறங்கினேன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். நீ கோபத்துல போறேன்னு நினைச்சேன். பையை வீட்டு வாசல்ல வந்துதான் பார்த்தேன். உடனே வண்டியைத் திருப்பிக்கிட்டு சிக்னல் வரைக்கும் வந்தேன். நீ இல்லை. குறுக்குச் சந்துல போயிருப்பே போல. ரெண்டு சுத்து சுத்தினேன். நீ வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் வீட்டுக்கு வந்தேன். பேப்பரைக் கையில எடுத்தேன், ஒரு எழுத்து படிக்கல. நீ உள்ளே வந்தப்ப உன் செருப்பெல்லாம் தூசி. மன்னிச்சுக்கோன்னு சொல்ல வாய் வரல. அன்னிக்கு வராதது அடுத்த நாளும் வரல. அப்படியே போயிடுச்சு.

ஊர்ப் பிள்ளைங்க தப்பு பண்ணினா எனக்குக் கோபம் வராது. அது அவங்க தப்பு. நீ பண்ணினா, 'மாஸ்டர் பொண்டாட்டிக்கே ஓட்டத் தெரியல'ன்னு சிரிப்பாங்களேன்னு எனக்கு அவமானமா இருந்துச்சு. எழுதிப் பார்க்கும்போதே எவ்வளவு அசிங்கமா இருக்கு. மன்னிச்சுக்கோ. இப்பவாவது எழுதிட்டேன்.

வண்டியை நான் ஓட்ட மாட்டேன். வாக்கு. சாவியை உன் போட்டோவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கல.

எட்டு வரைக்கும் எண்ண முடியுது.

இப்படிக்கு,
நான்தான்

*

மார்ச் 18, புதன்

உனக்கு,

அவசரமா எழுதறேன், வகுப்புக்கு நேரமாச்சு. நம்ம தெருவுல தண்ணிக் குழாய் போடறதுக்குப் பள்ளம் தோண்டறாங்க. சொல்லாம கொள்ளாம மெஷினோட வந்து நின்னுட்டாங்க. வாசல்ல நிக்கற வண்டியை எல்லாம் எடுக்கணும்னாங்க. உன் வண்டியை முனையில, தையல்காரம்மா கடைக்குப் பக்கத்துல கொண்டு போய் நிறுத்தியிருக்கேன். ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசல்ல காணோமேன்னு நீ பயந்துடக் கூடாதுன்னு எழுதறேன்.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 19, வியாழன்

மாஸ்டருக்கு,

கீறலைப் பத்தி யார் கேட்டாங்க?

ஒரே ஒரு விஷயம் கேட்டேன். வாக்குன்னு நீங்களே எழுதினீங்க. மூணு நாள் தாங்கல. பள்ளம் தோண்டறாங்க, வண்டியை எடுக்கணும், எல்லாம் சரி. ஒரு போன் பண்ணியிருந்தா வாத்தியாரை விட்டுட்டு அடுத்த பஸ்ல வந்திருப்பேன். ரெண்டரை மணி நேரம் அவங்களை நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதா? இல்லை, சாவி கையில இருக்கும்போது உங்களால உட்கார்ந்து இருக்க முடியாதா?

உங்க போன கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வெச்சிருந்தேன். அதைச் சொல்லவே எனக்கு வெட்கமா இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ல வர்றேன். நீங்க நிக்க வேண்டாம். சாவியைத் தையல்காரம்மாகிட்ட குடுத்துடுங்க. அந்தப் பேப்பரையும் பீரோவுலேருந்து எடுத்துட்டேன். கொண்டு வந்து அவங்ககிட்டயே குடுக்கறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. முடிச்சுக்கலாம்.

*

மார்ச் 20, வெள்ளி

உனக்கு,

உன் கடிதம் காலையில கிடைச்சது. சாவியைத் தையல்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். நான் நிக்கல.

எது எழுதினாலும் சாக்கு மாதிரி இருக்கும். முன்னாடி நான் சொன்ன சாக்கெல்லாம் நினைச்சா, நீ நம்பாததுல தப்பே இல்லை. வந்து வண்டியை எடுத்துக்கோ. கிளட்ச் புதுசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பயப்படாதே, காலை மெதுவா எடு.

பேப்பரைக் குடுத்துட்டுப் போ. போட்டு அனுப்பறேன். ஸ்டாம்ப் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 23, திங்கள்

உங்களுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். அதை முதல்ல சொல்லிடறேன், நேத்திலேருந்து நீங்க பாப்பாவுக்கு அஞ்சு தடவை போன் பண்ணிக் கேட்டீங்களாம்.

நேத்து என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரா தையல் கடைக்குத்தான் போனேன். வீட்டுப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கல. தையல்காரம்மா சாவியை நீட்டினாங்க. நீட்டினவங்க குடுக்காம சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. "என்னம்மா உங்க வீட்டுக்காரருக்கு ஆச்சு? கையில சாவியை வெச்சுக்கிட்டு புது வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றாரு!"

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் உட்கார வெச்சு முழுசாச் சொன்னாங்க. பள்ளம் தோண்டற ஆளுங்க நாலு பேர், உங்க பத்து மணி வகுப்புப் பசங்க மூணு பேர், தையல்காரம்மாவோட வீட்டுக்காரர், எல்லாரும் பின்னாடி. நீங்க டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, உள்ளே உட்காராம, வெளியே நடந்தபடியே கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களாம். பாதியில முட்டி பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை நின்னீங்களாம். ஒரு பையன், "மாஸ்டர், ஸ்டார்ட் பண்ணினா அரை நிமிஷ வேலை மாஸ்டர்"னு கெஞ்சினானாம். நீங்க, "பேசாமத் தள்ளுடா"ன்னீங்களாம். தெருவே பால்கனியில நின்னு சிரிச்சுதாம். இருபத்தெட்டு வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுத்த ஆளு, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறாரேன்னு.

சிரிப்பாங்களேன்னுதானே அன்னிக்கு என்னை இறக்கி விட்டீங்க?

நான் சாவியை வாங்கிக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். சீட்டுல பிளாஸ்டிக் உறை, ஒரு சுருக்கம் இல்லை. சாவியைத் திருப்பினதும் மீட்டர்ல ஏழு. ஏழுதான். அப்படியே ஸ்டீயரிங் மேல தலையை வெச்சு நல்லா அழுதேன். தையல்காரம்மா தண்ணி கொண்டு வந்தாங்க. அவங்களுக்கும் ஏன் அழறேன்னு புரியல. பாவம், வண்டி பிடிக்கலையான்னு கேட்டாங்க.

ஏன் எழுதல நீங்க? 'தள்ளிக்கிட்டுப் போனேன்'னு ஒரு வரி. அதை எழுதியிருந்தா நான் அந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா? வியாழக்கிழமை எழுதினதுக்கு என்னை மன்னிச்சுக்குங்க. கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டேன். இதுல உங்களுக்கு நான் சளைச்சவ இல்லை போல.

அப்புறம் கிளப்பினேன். கிளட்ச் இறுக்கம்தான். காலை மெதுவா எடுத்தேன். முனை திரும்பினதும் ஸ்கூல் காருக்குப் பின்னாடி நீங்க நிக்கறதைப் பார்த்தேன். நிக்கலைன்னு எழுதிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா நிக்காத மாதிரியா? நிறுத்தணும்னுதான் இருந்துச்சு. நிறுத்தினா உங்க முன்னாடி ஆஃப் ஆகிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் ஹார்ன் மட்டும் அடிச்சேன். ரெண்டு தடவை. கேட்டுச்சா?

பெரிய சிக்னல்ல ஆஃப் ஆச்சு! ஒரே ஒரு தடவை. பின்னாடி ஆட்டோக்காரர் விடாம ஹார்ன் அடிச்சார். அடிக்கட்டும்னு நியூட்ரல் பார்த்து, நிதானமா ஸ்டார்ட் பண்ணி, போனேன். என் பை பக்கத்து சீட்டுலயே இருந்துச்சு. பெல்ட் கூடப் போட்டு விட்டேன் அதுக்கு. இப்ப மீட்டர்ல நூத்து முப்பத்தொண்ணு. அதுல ஏழைக் கழிச்சா மிச்சம் எல்லாம் என்னுது.

அந்தப் பேப்பர் பைக்குள்ளேதான் வந்தது, பைக்குள்ளேயே திரும்பிடுச்சு. தையல்காரம்மாகிட்ட குடுக்கல. மறுபடி துணிக்கு அடியில வெச்சுட்டேன். கிழிக்கல. கிழிச்சுட்டேன்னு எழுதினா நல்லா இருக்கும், ஆனா பொய் சொல்ல விருப்பம் இல்லை. ஒரு வண்டியைத் தள்ளினதுக்கு ஒரு கல்யாணம் சரியாயிடாது. ஆனா எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்களைப் பார்க்கணும் போல இருக்கு. முதுகை இல்லை, முகத்தை.

வர்ற ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உங்க தெரு முனையில நிப்பேன். பள்ளம் மூடலைன்னா நடந்து வாங்க, முட்டிக்கு நல்லது. எங்கே போறோம்னு கேக்கக் கூடாது. நானும் இன்னும் முடிவு பண்ணல. அந்த எல் போர்டை எடுத்துட்டு வாங்க. வண்டியில கட்ட இல்லை, உங்க சட்டையில குத்திக்க. பக்கத்து சீட்டுல வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து வர்றது லேசுப்பட்ட விஷயம் இல்லை, பதினாலு வருஷம் பண்ணினவ சொல்றேன். புதுசாக் கத்துக்கறவங்க எல் போர்டு போடணும்.

இன்னொண்ணு. உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கற ஸ்கூல் கார் நினைப்புல, வழியெல்லாம் கீழே மிதிச்சுக்கிட்டே வராதீங்க. அந்த முட்டிக்கு ஆகாது. நானும் தேடிப் பார்த்துட்டேன், உங்க பக்கம் பிரேக் இல்லை. இந்த வண்டியில என் காலடியில மட்டும்தான் இருக்கு.

இப்படிக்கு,
டிரைவர்